மானிட்டர் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? ஈபி பில்லில் அதன் பங்கைக் கண்டுபிடிப்பது எப்படி

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் தனியாக ஒரு மானிட்டர் வாங்கி மேசையில் வைத்துவிட்டால், அடுத்த ஈபி பில் கூடும்போது பழி நேராக அதன் தலையில்தான் விழும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். "நாள் முழுக்க அவ்வளவு பெரிய திரையை எரிய விட்டா பில் வராம என்ன செய்யும்?" என்று அம்மா கேட்டபோது சொல்ல என்னிடம் ஒரு எண் இல்லை. இணையத்தில் தேடினால் எல்லாரும் டாலரிலும் யூரோவிலும், யூனிட்டுக்கு ஒரே விலை என்று வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக ஏறும் கட்டணம், 500ஐத் தாண்டினால் வேறு கணக்கு. அந்தக் கால்குலேட்டர்கள் இங்கே செல்லாது.

அதனால் தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்குப் பொருந்தும்படி, நான் அளந்து பார்த்த வரிசையிலேயே எழுதுகிறேன். இதில் வரும் கட்டணங்கள் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தவை. நீங்கள் படிக்கும் நேரத்தில் மாறியிருந்தால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், முறை அதேதான்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

மின் இணைப்பு எண் வேண்டும். ஈபி கார்டிலோ, பணம் கட்டிய ரசீதிலோ, பில் வந்த குறுஞ்செய்தியிலோ இருக்கும். முன்னால் இருக்கும் இரண்டு இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும்: 09 தென்சென்னை, 03 கோவை, 05 மதுரை. அந்த எண்ணை மின்வாரியத்தின் தளத்தில் பதிந்து உள்ளே போனால் பழைய பில்களைப் பார்க்கலாம். கடைசி ஆறு பில்களில் உள்ள யூனிட்டை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ரூபாய் இப்போதைக்கு வேண்டாம். கோடையையும் மழைக்காலத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் வீடு எந்தக் கட்டணப் படியில் நிற்கிறது என்று தெரியும்.

வாடகை வீடாக இருந்தால் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும், மீட்டர் பலகையிலேயே எழுதியிருப்பார்கள். ஆனால் வீட்டுக்காரர் தனியாக சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறாரா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள். அப்படியானால் ஐந்தாம் பகுதியில் வரும் கணக்கு உங்களுக்கு முற்றிலும் வேறு.

அப்புறம் மானிட்டரின் மாடல் எண். பின்னால் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதிக்கு வேண்டும்.

2. ஸ்டிக்கரைப் படிக்கும்போது ஏமாறாதீர்கள்

பெரும்பாலானவர்கள் வழுக்கி விழும் இடம் இது. ஸ்டிக்கரில் "100-240 வோல்ட், 1.5 ஆம்ப்" என்று போட்டிருக்கும். பள்ளியில் படித்த நினைவில் 230ஐ 1.5ஆல் பெருக்கினால் 345 வாட் என்று வரும். ஒரு சின்ன மிக்சி அளவுக்கா மானிட்டர் இழுக்கும்? அந்த 1.5 ஆம்ப் என்பது குறைந்த வோல்டேஜிலும்கூட இதற்குமேல் போகாது என்று தயாரிப்பாளர் தரும் உச்சவரம்பு. தினசரிச் செலவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெளியே தனி அடாப்டர் உள்ள மானிட்டர் என்றால் அடாப்டரில் "அவுட்புட்" என்ற வரியைப் பாருங்கள். 19 வோல்ட், 1.31 ஆம்ப் என்றிருந்தால் பெருக்கினால் 25 வாட்டுக்கு ஒட்டி வரும். இதுவும் உச்சம்தான், ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும் உச்சம்.

இன்னும் சரியான எண் வேண்டுமா? ஐரோப்பாவில் 2021 மார்ச் முதல் மானிட்டர்களுக்குப் புதிய மின்சார லேபிள் ஒட்டுகிறார்கள். அதில் 1000 மணி நேரத்துக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். 18 என்று போட்டிருந்தால் அப்படியே 18 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாடல் அங்கேயும் விற்றால், எப்ரெல் என்ற அவர்களின் பொதுத் தரவுத்தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும். ஹெச்டிஆர் (கூடுதல் ஒளிர்வோடு படம் காட்டும் முறை) எண் தனியாகப் பெரிதாக இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், சாதாரண வேலைக்கு மற்ற எண்தான்.

ஒன்றுமே கிடைக்காதவர்களுக்கு ஒரு தோராயம்: 24 அங்குல எல்இடி மானிட்டர் 15 முதல் 25 வாட், 27 அங்குலம் 25 முதல் 40, 32 அங்குல 4கே 40 முதல் 60. குழல் விளக்கு வைத்த பழைய எல்சிடி 30 முதல் 50 வரை. பின்பக்கம் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பழைய சிஆர்டி இன்னும் யாரிடமாவது இருந்தால் 70 முதல் 100.

3. ஒருமுறை அளந்து பாருங்கள்

பிளக்கில் செருகும் வாட் மீட்டரோ, மின் அளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கோ ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் கிடைக்கிறது. மானிட்டருக்காக மட்டும் வாங்காதீர்கள், அந்தக் காசு திரும்ப வராது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் அளந்து பார்க்கப் போகிறீர்கள் என்றால் வாங்கலாம். நண்பரிடம் இருந்தால் ஒரு நாள் இரவல் போதும்.

செலவே இல்லாத வழி, வீட்டு ஈபி மீட்டர். எலக்ட்ரானிக் மீட்டரின் முகப்பில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று 3200 அல்லது 1600 என்ற எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட்.

வீட்டில் எல்லா சுவிட்சையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜ், வைஃபை ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், மூலையில் மறந்துபோன கொசு மருந்து மெஷின் வரைக்கும். கால் மணி நேரத்தில் ஃப்ரிட்ஜில் எதுவும் கெடாது. லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் கழன்றிருக்கட்டும். மானிட்டர் மட்டும் எரியட்டும். இப்போது கீழே போய் 15 நிமிடம் மினுக்குகளை எண்ணுங்கள். 3200 மீட்டர் என்றால் எண்ணியதை 1.25ஆல் பெருக்குங்கள், 1600 என்றால் 2.5ஆல். வருவது வாட். எங்கள் மீட்டரில் 17 எண்ணினேன், 21 வாட் வந்தது. பிறகு இரவல் வாங்கிய வாட் மீட்டரும் 21தான் காட்டியது.

அடுக்குமாடி என்றால் கீழே வரிசையாக இருக்கும் மீட்டர்களில் உங்களுடையது எது என்று இணைப்பு எண்ணை வைத்து உறுதிசெய்துகொண்டு எண்ணுங்கள். பக்கத்து வீட்டு மீட்டர் ஏசியில் படபடவென்று மினுக்கும், அதைப் பார்த்து மிரண்டுவிடக் கூடாது. மானிட்டர் ஒன்றுக்கு மட்டும் என்றால் ஒரு மினுக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு நிமிடம் ஆகும், பொறுமை வேண்டும். மானிட்டரையும் அணைத்த பிறகு மினுக்கிக்கொண்டே இருந்தால் வேறு ஏதோ ஓடுகிறது. அதையும் 15 நிமிடம் எண்ணிக் கழித்துவிடுங்கள். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் இந்த முறை சரிப்பட்டு வராது. அது தன் பேட்டரிக்காக இழுக்கும் கரண்ட் கணக்கைக் குழப்பிவிடும். அங்கே வாட் மீட்டர்தான்.

இன்னொரு பொறி: டைப்-சி கேபிள் ஒன்றிலேயே படமும் சார்ஜும் போகும் மானிட்டர். வாட் மீட்டர் 80, 90 என்று காட்டும். அதில் பெரும்பகுதி லேப்டாப்புக்குப் போகிற சார்ஜ். லேப்டாப் பேட்டரி நிறைந்த பிறகு, அல்லது ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டி அளந்தால்தான் மானிட்டரின் சொந்தப் பசி தெரியும்.

4. வாட்டை யூனிட்டாக்குங்கள்

வாட் × ஒரு நாள் மணி நேரம் × நாட்கள், அதை 1000ஆல் வகுத்தால் யூனிட். நாட்களை ஒரு மாதத்துக்குப் போடாதீர்கள், நம் பில் இரண்டு மாதத்துக்கு. சனி, ஞாயிறு விடுமுறை உள்ளவருக்கு இரண்டு மாதத்தில் சுமார் 44 வேலை நாள்.

20 வாட், 9 மணி நேரம், 44 நாள்: 7.9 யூனிட். எட்டு என்று வைத்துக்கொள்வோம்.

ஒப்பிட்டுப் பார்க்க: பழைய வகை 75 வாட் சீலிங் ஃபேன் அதே நேரம் சுற்றினால் 30 யூனிட் ஆகும். ஒன்றரை டன் ஏசி ஓடும் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் ஒரு யூனிட் என்று வையுங்கள். அதாவது மானிட்டர் இரண்டு மாதத்தில் தின்பதை ஏசி ஒரே பகலில் முடித்துவிடும். இதை வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லும்போது கொஞ்சம் பக்குவமாகச் சொல்லுங்கள். மத்தியானம் ஏசி போட்டது யார் என்ற அடுத்த கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

5. எட்டு யூனிட்டுக்கு என்ன விலை?

இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் கட்டணம் இப்படி:

- முதல் 100: இலவசம்
- 101 முதல் 200: யூனிட்டுக்கு ரூ. 2.35
- 201 முதல் 400: ரூ. 4.70
- 401 முதல் 500: ரூ. 6.30

500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான அந்த 2.35 சலுகை போய்விடும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70, பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்குமேல் 11.55.

பலர் செய்வது, பில் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் சராசரியை வைத்துக் கணக்குப் போடுவது. 320 யூனிட்டுக்கு 799 ரூபாய், ஆக யூனிட் இரண்டரை ரூபாய் என்பார்கள். ஆனால் மானிட்டரை எடுத்துவிட்டால் குறையப்போவது மேலே இருக்கும் எட்டு யூனிட், அதாவது 4.70 விலையுள்ளவை. எனவே மானிட்டரின் செலவு 20 ரூபாய் இல்லை, சுமார் 38 ரூபாய். எப்போதும் உங்கள் பில் முடியும் படியின் விலையைத்தான் எடுக்க வேண்டும்.

மொத்தமே 100 யூனிட்டுக்குள் அடங்கும் சின்ன வீட்டில் மானிட்டர் இனாம்தான். 550ல் நிற்கும் வீட்டில் அதே எட்டு யூனிட் 67 ரூபாய்.

500 விளிம்பில் நிற்கும் வீடுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது. மானிட்டர் இல்லாமல் 495 வரும் வீடு என்று வையுங்கள்: பில் 1773 ரூபாய் 50 காசு. மானிட்டரோடு 503: பில் 2065 ரூபாய் 20 காசு. எட்டு யூனிட்டுக்கு ஏறியது சுமார் 292 ரூபாய்! இதில் 235 ரூபாய், கோட்டைத் தாண்டியதற்காகப் பறிபோன சலுகை. மானிட்டருக்குப் பதில் கிரைண்டரோ ஹீட்டரோ தாண்ட வைத்திருந்தாலும் அதே 235தான் போயிருக்கும். ஆனால் 480க்கும் 520க்கும் நடுவே ஊசலாடும் வீடு என்றால் எட்டு யூனிட்டைக்கூட அலட்சியம் செய்யாதீர்கள்.

அந்த மாதிரி வீட்டுக்குத் தேதியும் முக்கியம். ரீடிங் எடுப்பவர் போன தடவை எந்தத் தேதியில் வந்தார் என்று கார்டில் பாருங்கள். அவர் ஒரு வாரம் தாமதமாக வந்தால் அந்த வாரத்து யூனிட்டும் இதே பில்லில் சேர்ந்துவிடும். வர வேண்டிய நாளில் மீட்டர் திரையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திரை மாறி மாறித் தேதி, வோல்டேஜ் என்று பலதைக் காட்டும், கே.டபிள்யூ.எச். (அதாவது யூனிட்) என்று வரும் எண்ணைத்தான் பிடிக்க வேண்டும். தாமதத்தால் கோடு தாண்டிவிட்டால் அந்தப் போட்டோவோடு பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள், அல்லது மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்குங்கள். பணம் கட்ட ரீடிங் எடுத்த நாளிலிருந்து 20 நாள் அவகாசம் உண்டு என்பதால் அதற்குள் பேசிவிடுவது நல்லது.

சப் மீட்டர்காரர்களுக்கு இந்தப் படிகளெல்லாம் கிடையாது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கினால் எட்டு யூனிட் 64 ரூபாய், அவ்வளவுதான். அதேபோல வீட்டு முன்னறையில் டிடிபி கடையோ கணினி வகுப்போ நடத்துபவர்களுக்கு வணிகக் கட்டணம் வரும், அங்கே இலவச யூனிட் கிடையாது.

6. எங்கே குறைக்கலாம்

முதலில் பிரைட்னஸ். கடையிலிருந்து வரும்போது அது உச்சத்தில் இருக்கும், யாரும் தொடுவதில்லை. என் 24 அங்குலத்தில் 100ல் 21 வாட் இருந்தது 30ல் வைத்தவுடன் 13க்கு இறங்கியது. கண்ணுக்கும் அதுதான் நல்லது. ஆனால் டார்க் மோடு போட்டால் கரண்ட் மிச்சம் என்பதை எல்சிடி மானிட்டரில் நம்பாதீர்கள். பின்னால் எரியும் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், திரை கறுப்போ வெள்ளையோ, என் மீட்டரில் ஒரு வாட்கூட மாறவில்லை. பின்விளக்கு இல்லாமல் புள்ளிக்குப் புள்ளி தானே ஒளிரும் ஓஎல்இடி என்றால் மட்டும் நிஜமாகவே குறையும்.

ஸ்கிரீன்சேவரும் எதையும் சேமிக்காது. சாப்பிடப் போகும்போது திரை அணைய வேண்டுமென்றால் பவர் செட்டிங்கில் ஐந்து நிமிடம் என்று வையுங்கள்.

ஸ்டாண்ட்பை விளக்கைப் பற்றி ரொம்பக் கவலைப்படுகிறார்கள். புதிய மானிட்டர்கள் ஸ்டாண்ட்பையில் அரை வாட்டுக்கும் கீழே. இரண்டு மாதம் முழுக்க அப்படியே விட்டாலும் முக்கால் யூனிட்டைத் தொடாது. சுவரில் சுவிட்சை அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் அது இடி மின்னலுக்காக, பில்லுக்காக அல்ல.

உண்மையில் நான் எதிர்பார்க்காதது மேசைக்கடியில் இருந்தது: யூபிஎஸ். எதுவும் மாட்டாமல் சும்மா இருக்கும்போதே 8 வாட் இழுத்துக்கொண்டிருந்தது. 8 வாட் என்றால் பொடியாகத் தெரியும். ஆனால் அது ராத்திரி பகல் 24 மணி நேரமும் ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. இரண்டு மாதத்துக்கு 11.5 யூனிட். மானிட்டரைவிட அதிகம்! இப்போது வேலை முடிந்ததும் அதையும் அணைத்துவிடுகிறேன். பேட்டரி நிறைவதற்குப் பகல் நேரம் போதும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் மானிட்டரை விட்டுவிட்டு சிபியூவை அளந்து பாருங்கள். சாதாரண அலுவலக வேலைக்கே 40 முதல் 60 வாட், கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கேமிங் மெஷின் விளையாட்டின்போது 300ஐத் தாண்டும்.

கரண்டை மிச்சப்படுத்தும் என்று சொல்லி பிளக்கில் செருக ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். வீட்டு மீட்டர் கணக்கெடுக்கும் யூனிட்டை அது ஒரு துளிகூடக் குறைக்காது. தானே எரிய வைக்கும் பச்சை விளக்குக்கு வேறு கரண்ட் இழுக்கும்.

7. பழைய மானிட்டரை மாற்றலாமா?

கரண்டுக்காக என்றால் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் மலிவாக வாங்கிய பழைய 22 அங்குலம் 45 வாட் இழுக்கிறது, புதிது 20 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மாதத்துக்கு 10 யூனிட் வித்தியாசம். 4.70 படியில் வருடத்துக்கு 280 ரூபாய் மிச்சம். புது மானிட்டர் 7000 ரூபாய் என்றால் அந்த முதல் திரும்ப 25 வருடம் ஆகும். கண் வலிக்கிறது, எழுத்து மங்கல் என்றால் மாற்றுங்கள். பில்லைக் காரணம் சொல்லாதீர்கள். சிஆர்டி வைத்திருப்பவருக்குக்கூட ஒன்பது வருடம் ஆகும், ஆனால் அவர் மேசையில் இடம் கிடைப்பதற்காகவாவது மாற்றலாம்.

8. அலுவலகத்தில் திரும்ப வாங்குவதாக இருந்தால்

சில நிறுவனங்கள் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு மின்சாரச் செலவில் ஒரு பங்கு தருகின்றன. ஹெச்ஆரிடம் கேட்கும் முன் இரண்டு விஷயத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்: பில் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டுமா, மாதக் கணக்கா, பில் கணக்கா. வாடகைக்கு இருப்பவர்கள் பெயர் விஷயத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பணத்தை உங்கள் கணக்கிலிருந்தே கட்டி, அந்த ரசீதோடு வாடகை ஒப்பந்த நகலையும் வைத்தால் பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். வீட்டுக்காரரிடம் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் காட்ட எதுவும் இருக்காது. சப் மீட்டர் என்றால் அவரிடம் யூனிட், விலை, தொகை எழுதிக் கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டாவது ஒவ்வொரு முறையும் வாங்கிவிடுங்கள்.

மானிட்டருக்கு மட்டும் என்று கேட்டால் 38 ரூபாய்தான் வரும், சிரிப்பார்கள். மானிட்டர், லேப்டாப், யூபிஎஸ், ரவுட்டர், வேலை அறை ஃபேன், விளக்கு எல்லாவற்றையும் வாட், மணி, யூனிட் என்று ஒரே தாளில் வரிசையாகப் போட்டு, உங்கள் பில் முடியும் படியின் விலையால் பெருக்கிக் கொடுங்கள். நம் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், மாதம் ஒரு பில் கேட்கும் படிவத்தில் ஒரே பில்லை இரண்டு மாதத்துக்கும் பாதிப் பாதியாகக் காட்டலாமா என்பதையும் முதல் தடவையே மின்னஞ்சலில் எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், நிதியாண்டு முடியும் மார்ச் மாதத்தில் அந்தப் பாதி தொங்கிக்கொண்டு நிற்கும்.